வாயில் திறந்த சனிக்கிழமை

கேம்பிறிட்ஜ் நகருக்குப் புதிதாகச் செல்லும் ஒருவர் அங்கே முதன்முதற் காண்பன கல்லூரிகள் அல்ல, கல்லூரிகளின் வாயில்கள்தாம். ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு உயர்ந்த மரக் கதவுகள். அவற்றினுள்ளே ஒருவர் தலை குனிந்து நுழையத்தக்க திட்டி வாசல் ஒன்று. அதற்கப்பால், வருவோர் போவோரை முகம் பார்த்து மதிப்பிடும் வாயிற்காவலர். உள்ளே எட்டிப் பார்த்தால், கம்பளம் விரித்தாற் போன்ற புற்றரை தெரியும். அதில் நடக்கலாகாது என்று எழுதிய பலகையும் கூடவே தெரியும். கல்லூரியின் அங்கத்துவப் புலவர்களுக்கே அந்தப் புல்லை மிதிக்கும் உரிமை உண்டு என்றார்கள். புல்லுக்கே இத்தனை காவல் இருக்குமாயின், உள்ளே இருக்கும் அறிவுக்கு எத்தனை காவல் இருக்கும் என்று எண்ணி நகைத்தேன்.

ஆயினும் மார்ச்சு மாதத்திற் சில நாட்கள் அந்த நகரம் தன் இயல்பை மறந்துவிடுகிறது. 1994ஆம் ஆண்டு தொடக்கம், ஆண்டுதோறும் இளவேனிலின் வாயிலில், கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகம் விஞ்ஞான விழா ஒன்றை நடத்தி வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் சொற்பொழிவுகளும் காட்சிகளும் நிகழும். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. 2021இல் அந்த விழா, கலைத்துறை சார்ந்த மற்றொரு விழாவுடன் இணைந்து கேம்பிறிட்ஜ் விழா என்னும் பெயர் பெற்றது. அதன் உயிர்நாடி என்று நான் கருதுவது, குடும்பங்களுக்கென்றே ஆய்வுகூடங்களைத் திறந்துவிடும் சனிக்கிழமைதான். 2012ஆம் ஆண்டு மார்ச்சில் என் மகளின் குடும்பத்தாருடன் அங்கே தங்கியிருந்தபொழுது அப்படியொரு சனிக்கிழமையைக் காணும் பேறு எனக்குக் கிட்டிற்று.

"அம்மப்பா, எல்லாத்தையும் தொடலாமாம்!" என்று முதல் நாள் இரவே எட்டு வயதுப் பேர்த்தி எனக்கு அறிவித்துவிட்டாள். பள்ளியிற் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் அவளுக்குப் பிடித்த வாக்கியம் அது ஒன்றே.

நம் ஊர்க் கோயில்களை நினைத்துக்கொண்டேன். மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை; அவரைக் காண வேண்டுமாயின் நாம்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போக வகையில்லாதவர்களுக்காகவே எழுந்தருளி மூர்த்தி வீதிக்கு வருகிறார். நோயாளியும் முதியவரும் தத்தம் படலையில் நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம். கோயில் வாயில் யாருக்கு என்பதில் நாம் பட்ட பாட்டை 1968இல் மாவிட்டபுரம் உலகுக்குக் காட்டிற்று. ஆகவே பிறர் வாயிலைப் பற்றிப் பேசும்பொழுது நாம் சற்று அடக்கமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆயினும் பல்கலைக்கழகமும் ஒரு வகைக் கோயில் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோமே, அந்தக் கோயிலில் வீதியுலா உண்டா என்னும் கேள்வியோடுதான் அன்று நான் புறப்பட்டேன்.

நகரின் நடுவே, சந்தைச் சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒடுங்கிய சந்து ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இலவசப் பள்ளிச் சந்து. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீபன் பேர்ஸ் என்னும் மருத்துவர் தம் மரண சாசனத்தில் எழுதி வைத்த செல்வத்தைக் கொண்டு, நூறு பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்க அங்கே ஒரு பள்ளி எழுந்தது. அந்தப் பள்ளி பின்னர் வேறிடம் போய், இன்று கட்டணம் பெறும் பள்ளியாக நடைபெறுகிறது. அதன் பழைய மண்டபத்திலோ விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றைக் காட்டும் விப்பிள் அரும்பொருளகம் இருக்கிறது. அதைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. பள்ளி போன பின்னும் 'இலவசம்' என்ற சொல் அந்தச் சந்தை விட்டுப் போகவில்லை போலும்!

அதே சந்தில்தான் 1874இல் கவென்டிஷ் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. அதன் முதற் பேராசிரியர் மாக்ஸ்வெல். 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டது அதனுள்ளேதான். 1932இல் சட்விக் நியூத்திரனைக் கண்டதும், அதே ஆண்டிற் கொக்குரோவ்ற்றும் வால்ற்றனும் அணுக் கருவை இயந்திரத்தாற் பிளந்ததும் அங்கேயே. ஆய்வுகூடம் 1970களில் ஊர்ப்புறத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது. பழைய கட்டடங்களும் முற்றங்களும் அப்படியே நிற்கின்றன. அங்கே ஒரு சுவரில் முதலை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. ரதபோட் பெருமகனாருக்கு அவருடைய உருசிய மாணாக்கர் கப்பிற்சா 'முதலை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். 1933இல் தமக்கென எழுந்த ஆய்வுகூடத்தின் சுவரிலே எரிக் கில் என்னும் சிற்பியைக் கொண்டு அதைச் செதுக்குவித்தார். ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைக்கும் வழக்கம் நம் பள்ளிக்கூடங்களுக்கே உரியதென்று எண்ணியிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். அன்று அந்த முதலையின் கீழே ஐந்தாறு சிறுவர்கள் நின்று அதன் வாலை விரலாற் கோடிட்டுக்கொண்டிருந்தார்கள். ரதபோட் யார் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. முதலையே போதுமாயிருந்தது.

விலங்கியல் அரும்பொருளகத்தின் வாயிலில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கிற்று. 1865இல் இங்கிலாந்தின் தென்கரையிற் பெவென்சி என்னும் இடத்தில் ஒதுங்கிய உயிர் அது. நீளம் ஏறக்குறைய 21 மீற்றர். அதன் தாடையின் கீழே வரிசை நின்றது. வரிசை என்றால் நம் ஊர் வரிசையன்று. தள்ளுவண்டியிற் குழந்தைகளும், தோளிற் குழந்தைகளும், மழைச் சட்டையும் சேற்றுச் சப்பாத்துமாகக் குடும்பங் குடும்பமாய் நகர்ந்த வரிசை.

இனி மேசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைய பொழுதின் சாரம் அங்கேதான் இருந்தது.

முதல் மேசையில் அகன்ற தொட்டி ஒன்று. அதனுள் வெண்ணிறக் கூழ். சோளமாவும் தண்ணீரும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. ஒடியற் கூழ் குடித்து வளர்ந்தவனுக்குக் கூழிலே காட்ட என்ன இருக்கிறது என்று எண்ணினேன். நிறச் சட்டை அணிந்த மாணவர் ஒருவர், மெல்லக் கையை இறக்கும்படி சொன்னார். கை நீரினுட் போவது போல இறங்கிற்று. ஓங்கிக் குத்தும்படி சொன்னார். முட்டி கல்லில் மோதியது போல நின்றது. பேர்த்தி ஒரு பிடி அள்ளிப் பந்தாக உருட்டினாள். உருட்டும் வரை பந்தாக இருந்தது. கையை விரித்ததும் விரலிடுக்கால் வழிந்து போயிற்று. நான் சற்றுத் தயங்கி நின்றதைக் கண்டு, "அம்மப்பா, கையை வையுங்கோ, கழுவலாம்" என்றாள். வைத்தேன். எழுபதை எட்டும் வயதில், நாலு பேர் பார்க்க, முழங்கை வரை மாவுடன் நிற்பதிலும் ஓர் இன்பம் உண்டு என்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதன் காரணம் எளிதாகத் தோன்றும். மாவின் நுண்மணிகள் நீரிலே நெருக்கமாக மிதக்கின்றன. மெல்ல அசைத்தால், மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள நீர் வழிவிட, ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு செல்கின்றன. திடீரென அழுத்தினால், இடையிலுள்ள நீர் விலக, மணியோடு மணி முட்டி உராய்ந்து கண நேரம் இறுகிவிடுகின்றன. நீரும் எண்ணெயும் போன்ற திரவங்கள் எப்படி ஓட வேண்டும் என்பதற்கு விதி வகுத்தவர் நியூற்றன். அவர் படித்துப் படிப்பித்த திரினிற்றிக் கல்லூரியோ அந்த மேசையிலிருந்து சில நிமிட நடை. நியூற்றனின் ஊரிலேயே நியூற்றனின் விதிக்கு அடங்காத கூழ்!

பேர்த்தி விடவில்லை. "நான் அவசரப்படுறன் எண்டு மாவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் தமிழிற் கேட்டுவிட்டு, மாணவரிடம் அதையே ஆங்கிலத்திற் கேட்டாள். அந்த இளைஞர் சிரிக்கவில்லை. கேள்வியைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, எவ்வளவு விரைவுக்கு மேலே மா இறுகுகிறது, ஏன் அந்த விரைவில் என்பதைப் பற்றி அறிந்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், தமக்கு முழு விடை தெரியாது என்றும் சொன்னார். கண்ணாடிக் குண்டு ஒன்றை அவளிடம் கொடுத்து, வெவ்வேறு உயரங்களிலிருந்து போட்டுப் பார்க்கச் சொன்னார். அரை அடி, ஓரடி, இரண்டடி என்று அவள் போட்டாள். பின்னே நின்ற வரிசை பொறுத்துக்கொண்டது.

அந்தத் 'தெரியாது' என்ற சொல்லுக்காகவே அந்த இளைஞரை வாழ்த்தத் தோன்றிற்று. பள்ளியிலும் வீட்டிலும் மூத்தோர் வாயிலிருந்து பிள்ளைகள் மிக அரிதாகக் கேட்கும் சொல் அது. கற்றவர் ஒருவர், கற்ற இடத்திலேயே நின்று, எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லக் கேட்பது வேறொரு வகைக் கல்வி. விஞ்ஞானம் முடிந்துபோன நூல் அன்று, நடந்துகொண்டிருக்கும் வேலை என்பதை அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியுமோ அறியேன்.

அடுத்த மேசையிலே ஸ்ரோபெரிப் பழம். பழத்தைப் பையிலிட்டுப் பிசைய வேண்டும். உப்பும், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவமும் கலந்த நீரை ஊற்ற வேண்டும். வடிதாளில் வடிக்க வேண்டும். வடித்த சாற்றின் மேலே குளிர்ந்த மதுசாரத்தை மெல்லச் சாய்த்து ஊற்ற வேண்டும். சிறிது நேரத்தில் இரண்டுக்கும் இடையே வெண்பஞ்சுத் திரள் போல் ஒன்று எழும். குச்சியால் அதைச் சுற்றி எடுக்கலாம். அதுதான் பரம்பரையைச் சுமக்கும் டீ.என்.ஏ. சவர்க்காரம் கலத்தின் கொழுப்புச் சுவரைக் கரைக்கிறது. உப்பு, அந்த நீண்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளாமற் சேர உதவுகிறது. நீரிற் கரையும் இழை மதுசாரத்திற் கரையாமையால் வெளிப்படுகிறது. மனிதக் கலத்தில் நிறமூர்த்தத் தொகுதி இரண்டு. தோட்டத்து ஸ்ரோபெரியில் எட்டு. ஆகவேதான் இந்தக் காட்சிக்கு அந்தப் பழத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். சமையலறைப் பொருள்களைக் கொண்டே உயிரின் இழையைக் கண்ணாற் காணலாம் என்பதை அறிந்தபொழுது, சுற்றி நின்ற தாய்மாரே பிள்ளைகளை முந்திக்கொண்டார்கள்.

அந்த இழையின் வடிவம் முறுக்கிய ஏணி என்பதை வற்சனும் கிறிக்கும் 1953இல் தீர்மானித்தது அந்த முற்றத்துக் கட்டடங்களில் ஒன்றிலேதான். அதை முதன்முதல் ஊராருக்கு அறிவித்ததாகச் சொல்லப்படும் மதுச்சாலை சந்தின் மறுமுனைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அந்த மேசையை நடத்திய ஆராய்ச்சி மாணவி பிள்ளைகளுக்கு முதலிற் காட்டிய படம் ரொசலிண்ட் பிராங்கிளின் என்னும் பெண்மணியுடையது. இலண்டனில் அவருடைய ஆய்வுகூடத்தில் எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் இன்றி அந்த ஏணி எழுந்திராது. பிராங்கிளின் கேம்பிறிட்ஜிலேயே நியூநம் கல்லூரியிற் படித்தவர். 1941இல் அவர் படிப்பை முடித்தபொழுது அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்குவதில்லை. பரீட்சை எழுதலாம், தேறலாம், பெயருக்கு ஒரு பட்டம் பெறலாம், பல்கலைக்கழகத்தின் முழு அங்கத்தவராக முடியாது. அந்த வாயில் பெண்களுக்குத் திறந்தது 1948இல். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்குப் பட்டங்களும் பதவிகளும் தடையின்றிக் கிடைக்கச் செய்த சட்டம் வந்ததும் 1871இலேதான். எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமையைப் பற்றிப் பேசும் ஊரில் இவை நேற்றைய செய்திகள். எந்த வாயிலும் தானாகத் திறந்ததில்லை போலும்; யாரோ சிலர் நெடுநாள் தட்டியிருக்கிறார்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கலம், நிறமூர்த்தம் என்றெல்லாம் நான் தமிழில் விளக்கப் புகுந்தபொழுது பேர்த்தி சிரித்தாள். கலம் என்றால் பாத்திரம் அல்லவா என்றாள். பாத்திரந்தான், உயிர் இருக்கும் பாத்திரம் என்றேன். ஒப்புக்கொண்டாள். சுயமொழியில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், சொல் கடினம், சொல் கடினம் என்று நம்மவர் பலர் முறையிட்டதை அறிவேன். கையிலே குச்சியும் குச்சியிலே வெண்பஞ்சும் இருக்கும்பொழுது எந்தச் சொல்லும் கடினமாக இருப்பதில்லை. பொருளைக் காட்டாமற் சொல்லை மாத்திரம் கொடுத்ததே நாம் செய்த பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலப் பிள்ளைக்கும் அந்த ஆங்கிலச் சொற்கள் அந்நியமானவையே. அவை பெரும்பாலும் கிரேக்கமும் இலத்தீனும். அந்த மாணவி அவற்றை முதலிற் சொல்லவும் இல்லை. பை என்றாள், நூல் என்றாள், சிக்கு என்றாள். பழத்திலிருந்து நூல் வந்த பிறகே அதன் பெயர் வந்தது.

தொடுவது இந்த நாளின் உயிர் என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு விழா முழுவதும் கணினித் திரையிலே நடைபெற்றது. சொற்பொழிவுகளுக்கு அதனால் நட்டமில்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்ற இலாபமும் உண்டு. ஆனால் திரையில் யாரோ ஒருவர் கூழிற் கை வைப்பதைப் பார்ப்பது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் படத்திற் பார்ப்பது போன்றது.

குறையொன்றும் சொல்லாமற் போவது நடுநிலையாகாது. முற்றத்தின் ஒரு மூலையில் எப்பொழுதும் பெருங்கூட்டம். அங்கிருந்து இடையிடையே வெடியோசை. ஐதரசன் நிறைத்த பலூனுக்குத் தீ வைத்தார்கள். பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையிற் கொதிக்கும் திரவ நைதரசனில் ரோசாப் பூவைத் தோய்த்து மேசையில் அடித்து நொறுக்கினார்கள். வெண்புகை தரையெங்கும் தவழ்ந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. நன்று, நானும் கைதட்டினேன். ஆனால் அங்கிருந்து திரும்பிய பிள்ளைகளிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், "வெடி" என்றார்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு இருக்கும் வாயுவே அந்தத் திரவம் என்பதும், பூவினுள் இருந்த நீர் உறைந்ததாலேயே இதழ் கண்ணாடி போல் உடைந்தது என்பதும் கைதட்டலில் அமிழ்ந்து போயின. வெடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாணவேடிக்கை இல்லாத திருவிழாவுக்குப் பிள்ளைகள் போக மாட்டார்கள். ஆனால் வாணம் மட்டுமே திருவிழா என்று பிள்ளை எண்ணிவிட்டால், தேர் எதற்கு? மாயவித்தைக்காரனுக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள வேறுபாடு, பின்னவர் தம் வித்தையின் சூட்சுமத்தை மேசை மேல் வைத்துவிடுகிறார் என்பதுதான். நூறு பேருக்கு ஒரே நேரத்திற் காட்டும் வெடியைவிட, ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கொடுத்த கூழ் மேசையே மேலானது என்பது என் துணிபு.

இவ்விரண்டையும் ஒருங்கே செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். இலண்டனில் 1799இல் நிறுவப்பெற்ற றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் கழகத்தில், 1825 தொடக்கம் நத்தார்க் காலத்திற் சிறுவர்களுக்கென்றே விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடைபெற்று வருகின்றன. அங்கே மைக்கல் பரடே தாமே பத்தொன்பது முறை அந்தத் தொடரை நடத்தினார். 1860ஆம் ஆண்டு நத்தாரின்போது அவர் எடுத்துக்கொண்ட பொருள் வெடியன்று, ஒரு மெழுகுதிரி. அது எரிவதைக் கொண்டே காற்றையும் நீரையும் காபனையும் நம் மூச்சையும் விளக்கினார். அவர்தாம் எப்படி அந்தக் கழகத்தினுள்ளே வந்தார்? கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பயிலும் பையன். 1812இற் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஹம்பிறி டேவியின் சொற்பொழிவுகளுக்கான நுழைவுச் சீட்டுகளை அந்தப் பையனுக்குக் கொடுத்தார். பையன் கேட்டான், குறிப்பெடுத்தான், குறிப்பைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். 1813இல் டேவியின் உதவியாளனானான். பின்னாளில் மின் பிறப்பாக்கிக்கு வழி திறந்த கண்டுபிடிப்பும் அவருடையதே. நம் வீடுகளில் எரியும் விளக்கின் பின்னே, யாரோ ஒருவர் இலவசமாகக் கொடுத்த சீட்டுகள் இருக்கின்றன.

நம்மவர் கதையும் வேறன்று. 1913இற் சென்னைத் துறைமுக அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவர், முன்னர் சிலருக்கு எழுதிப் பயன் காணாத பின், கேம்பிறிட்ஜில் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹார்டி அதைக் குப்பையிற் போட்டிருந்தால் இராமானுசன் யாரென்று உலகம் அறிந்திராது. அவருக்குப் பின் 1930இற் சந்திரசேகர் அதே ஊருக்குப் போனார். டிராக்கிடம் ஆராய்ச்சி பயின்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய நம் எலியேசரும் போனார். அந்தத் திட்டி வாசலால் இவர்கள் தலை குனிந்து நுழைந்ததை எண்ணிப் பெருமைப்படுகிறோம். நுழைய முடியாமற் போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமையால் அவர்களை எண்ணுவதில்லை.

வரிசையில் நின்றபொழுது இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம், என்னைச் சுற்றி நின்றோரின் பேச்சு. ஒருவர் பொறியியலாளர், ஒருவர் அதே பல்கலைக்கழகத்து விரிவுரையாளர், மற்றொரு தாய் மருத்துவர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நுணுக்குக்காட்டி இருக்கும். நூல்கள் இருக்கும், கேட்டால் விடை சொல்லும் அப்பா அம்மா இருப்பார்கள். இந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு இன்னுமோர் இனிய சனிக்கிழமை. கேம்பிறிட்ஜ் முழுவதும் பேராசிரியர்கள் வாழும் ஊரன்று. 2010களின் பிற்பகுதியில் வெளியான ஆய்வுகள், பிரித்தானிய நகரங்களுள் வருமான ஏற்றத்தாழ்வு மிக மிகுந்தது அதுவே என்று கணித்தன. நகரின் வடபுறக் குடியிருப்புகளிலிருந்து இந்த முற்றத்துக்குப் பேருந்தில் அரை மணி நேரங்கூட ஆகாது. ஆயினும் அந்த அரை மணி நேரத்தைக் கடப்பது எளிதன்று.

நண்பகலிற் சற்று இளைப்பாற வாயிலருகே வந்து நின்றேன். சந்தைப் பைகளுடன் ஒரு பெண்மணி, கூடவே ஒன்பது பத்து வயதுச் சிறுவன். பலகையை வாசித்தார், இரண்டடி முன்னே வந்தார், நின்றார். என்னைப் பார்த்து, காசு எவ்வளவு என்று கேட்டார். காசில்லை என்றேன். சீட்டு முன்னரே எடுத்திருக்க வேண்டுமா என்றார். வேண்டியதில்லை என்றேன். "யாரும் போகலாமா?" என்று மூன்றாவது முறை கேட்டார். அந்தக் கேள்வியைத் துண்டுப் பிரசுரம் எழுதியவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார். இலவசம் என்று எழுதியிருந்தார்கள்; 'உனக்கும்' என்று எழுதவில்லை. வைத்தியசாலைச் சமையற்கூடத்தில் வேலையாம். முப்பது ஆண்டுகளாக அந்த நகரிலே வாழ்கிறாராம். சனிக்கிழமைதோறும் சந்தைக்கு வந்தும் இந்தச் சந்தினுள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லையாம். நிறச் சட்டை மாணவி ஒருத்தி எங்களைக் கண்டு ஓடி வந்து, பைகளைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சிறுவனை அழைத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் நான் கண்ட பரிசோதனைகளுள் அதுவே கடினமானது என்று சொல்வேன்.

வீதியுலாவுக்கு வருகிறேன். மூர்த்தி கோயில் வாசல் வரை வந்து நின்றுவிட்டால் அது உலாவாகாது. இதை அங்குள்ளோரிற் சிலர் உணர்ந்திருக்கிறார்கள். மாணவர் குழு ஒன்று கோடை விடுமுறையில் இதே தொட்டிகளையும் குச்சிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊரூராகப் பள்ளிகளுக்கும் பொது மண்டபங்களுக்கும் செல்கிறது. சோளமா கனமானதன்று, எங்கும் கொண்டுபோகலாம். நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் உண்டு, சோளமாவும் உண்டு. பழத்துக்கு ஸ்ரோபெரிதான் வேண்டுமென்பதில்லை. வாழைப்பழத்திலும் அந்த நூல் வரும். பேர்த்தியும் நானும் வீட்டிற் செய்து பார்த்தோம்.

மாலை நான்கு மணிக்கு மேசைகளை ஒதுக்கத் தொடங்கினார்கள். கூழை வடிகாலில் ஊற்றினால் அடியில் இறுகி அடைத்துவிடும் என்று, அதை வாளி வாளியாக அள்ளி வைத்தார்கள். அந்தச் சிறுவன் இன்னும் அங்கேதான் நின்றான். அவனுடைய தாய் வாயிலுக்கும் மேசைக்கும் இடையே பொறுமையாகக் காத்திருந்தார். அடுத்த சனிக்கிழமையும் இங்கே இருப்பீர்களா என்று அந்த இளைஞரைக் கேட்டான். இளைஞர் ஒரு கணம் தடுமாறி, அடுத்த மார்ச்சில் என்றார். சிறுவன் ஏப்பிரல், மே என்று விரல் மடக்கி எண்ணினான். விரல்களிற் காய்ந்திருந்த மா, எண்ண எண்ண உதிர்ந்தது.